2500+ என்று எழுதிய சிப் 1100 காட்டிய கதை

மாமா ஃபோன் செய்தபோது குரலில் கோபம் இருந்தது. "டேய், பெட்டியை ஆன் பண்ணினா ஆயிரத்து நூறுன்னு காட்டுது. நான் வாங்கினது ரெண்டாயிரத்து ஐநூறு. இத்தனை வருஷமா ஏமாந்திருக்கேனா?"

அவரிடம் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் எக்ஸ்பி 2500+ என்ற செயலி சிப் போட்ட பழைய கணினி. கேசட்டுகளை எம்பி3 ஆக மாற்றுவதற்காகவே அதை வைத்திருக்கிறார். அதிலுள்ள பிசிஐ சவுண்ட் கார்டுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடையாது, ஆனால் அதன் ஒலிப்பதிவுத் தரம் அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு மணி நேரக் கேசட்டை எம்பி3 ஆக்க முன்பு ஆறு நிமிடம் ஆகும், இப்போது பத்து நிமிடம் ஆகிறது என்றும் சொன்னார். அது நல்ல துப்பு. எண் மட்டும் தப்பாகத் தெரிகிறதா, வேகமே குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு அவர் கைக்கடிகாரமே பதில் சொல்லிவிட்டது. "தேதியும் தப்பா வருது, அது வேற பிரச்சினை" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். வேறு பிரச்சினை இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்பது பெட்டியைத் திறந்த பிறகு தெரிந்தது.

சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் மேல் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்துவிட்டு முதலில் லேபிளைப் படித்தேன். குறைந்த வேக சிப்பில் வேறு லேபிள் ஒட்டி விற்றவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள், அதனால் மாமாவின் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. இந்த வகை சிப்பின் லேபிளில் உள்ள எழுத்துகளுக்கெல்லாம் பொருள் உண்டு. ஏ, எக்ஸ், டி, ஏ என்று தொடங்கி 2500 என்ற எண் வரும். அதற்குப் பின்னால் டி, கே, வி, 4, டி என்று ஐந்து குறிகள். முதல் டி உறையின் வகை. கே என்றால் 1.65 வோல்ட். வி என்றால் சிப் 85 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். 4 என்பது 512 கிலோபைட் இரண்டாம் நிலைக் கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம். கடைசி டி, பஸ் (சிப்புக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) 333 என்பதைக் குறிக்கும். அதுவே சி என்றால் 266, ஈ என்றால் 400. எல்லாம் 2003 பிப்ரவரியில் வெளியான பார்ட்டன் வகை 2500+ உடன் பொருந்தின.

அந்த 333-உம் நேரடியான வேகம் அல்ல. பஸ்ஸின் கடிகாரம் 166 மெகாஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 166 மில்லியன் துடிப்பு. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் இரட்டிப்பாக்கி 333 என்று எழுதுகிறார்கள். சிப்பின் வேகம் இந்த 166-ஐ 11-ஆல் பெருக்கினால் வரும்: 1833 மெகாஹெர்ட்ஸ். பெயரில் 2500 இருந்தாலும் இந்த சிப் தொழிற்சாலையிலிருந்து 2500 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வரவே இல்லை.

சரி, 1100 எங்கிருந்து வந்தது? 100 பெருக்கல் 11. பெருக்கும் எண் சிப்பிலேயே அமைந்திருக்கிறது, பஸ் வேகத்தைக் கொடுப்பது மதர்போர்டு. 11 அப்படியே இருக்க, பஸ் மட்டும் 166-இலிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது. போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1 வோல்ட். பேட்டரி செத்தால் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டில் உள்ள மென்பொருள்) தன் அமைப்புகளை மறந்து, எந்த சிப்புக்கும் ஆபத்தில்லாத 100-க்குப் போய்விடும். தேதியும் கூடவே போகும். மாமா இரவில் பிளக்கையே பிடுங்கி வைப்பவர், அதனால் தினமும் காலையில் புதிதாக மறந்துகொண்டிருந்தது.

புது பேட்டரி போட்டு, பயாஸில் பஸ்ஸை 166 ஆக்கியதும் திரையில் 2500+ வந்தது. பழுது என்று பார்த்தால் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் "அப்போ இது 1833தானா?" என்று மாமா ஃபோனில் கேட்ட குரலில் கோபம் போய் வருத்தம் வந்திருந்தது. அவருக்குச் சரியான பதில் சொல்ல ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் பெட்டியை மேலும் இரண்டு வாரம் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அவருக்குச் சொன்னது இதுதான். கிணற்றில் நிமிடத்துக்கு எத்தனை முறை இறைக்கிறோம் என்பது மெகாஹெர்ட்ஸ். ஒரு வாளிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு துடிப்பில் சிப் முடிக்கும் வேலை. இரண்டையும் பெருக்கினால்தான் தொட்டி நிரம்பும் நேரம் தெரியும். 2001-இல் இன்டெலின் பென்டியம் 4 இரண்டு கிகாஹெர்ட்ஸைத் தொட்டிருந்தது. அதில் ஒரு கட்டளை 20 கட்டங்கள் வழியாகப் போகும். ஒவ்வொரு கட்டமும் சிறியது, அதனால் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம், ஆனால் ஒரு துடிப்புக்கான வேலை குறைவு. அத்லானில் முழு எண் வேலைக்குப் பத்து கட்டங்கள்தான். கடிகாரம் மெதுவாக ஓடும், வாளி பெரியது. கடையில் நிற்பவர் மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தால் அத்லானை வாங்க மாட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்பியிலிருந்து ஏஎம்டி மெகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் போட்டது. 1533 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் பெயர் 1800+. தங்களுடைய முந்தைய அத்லானோடு ஒப்பிட்ட எண் என்று நிறுவனம் சொன்னது. வாங்கியவர்களோ அதைப் பென்டியம் 4-இன் மெகாஹெர்ட்ஸாகத்தான் படித்தார்கள்.

இது முதல் முறையும் அல்ல. 1996 வாக்கிலேயே சைரிக்ஸ் நிறுவனம் 133 மெகாஹெர்ட்ஸ் சிப்பை பி166+ என்று விற்றது. ஏஎம்டியின் கே5 வரிசையில் பிஆர்166 ஓடியது சுமார் 117 மெகாஹெர்ட்ஸில். அலுவலக வேலைகளில் சைரிக்ஸின் எண் ஓரளவு நியாயமாகவே இருந்தது. தசமக் கணக்கு அதிகம் உள்ள முப்பரிமாண விளையாட்டுகளில் அது பென்டியத்துக்குப் பின்தங்கியது. எந்த வேலையை வைத்து அளந்தோம் என்பதை அந்த ஒற்றை எண் தன்னோடு எடுத்து வருவதில்லை.

அத்லான் எக்ஸ்பியில் எனக்கு மிகவும் உறுத்துவது 2600+ என்ற பெயர். 133 பஸ்ஸில் 2133 மெகாஹெர்ட்ஸ் ஓடும் 2600+ உண்டு. 166 பஸ்ஸில் 2083 ஓடும் 2600+ உண்டு. பார்ட்டன் வகையில் 1917 மட்டுமே ஓடும் 2600+ உண்டு. ஒரே பெயர், மூன்று வேகம். இதைத் திருப்பியும் பார்க்கலாம். அதே 2083 மெகாஹெர்ட்ஸ், அதே 166 பஸ், ஆனால் கேஷ் 256-க்குப் பதில் 512 கிலோபைட் என்றால் பெயர் 2800+ ஆகிவிடும். கேஷுக்காகப் பெயரில் 200 கூடுகிறது. கூடுதல் கேஷைப் பயன்படுத்தாத வேலைக்கு அந்த 200 வெறும் எழுத்துதான்.

மாமாவின் வேலை எந்த வகை என்று அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டு சோதனைகள் வைத்தேன். ஒன்று, அவருடைய ஒரு மணி நேரக் கேசட் பதிவை எம்பி3 ஆக்குவது. இன்னொன்று, ஒரு பெரிய கோப்புறையைச் சுருக்குவது. முதலாவது கேஷுக்குள்ளேயே சுழலும் கணக்கு. இரண்டாவது நினைவகத்தை ஓயாமல் தேடி ஓடும் வேலை.

166-ஐ 11-ஆல் பெருக்கிய 1833-இல் எம்பி3 வேலை 5 நிமிடம் 50 விநாடி, சுருக்கும் வேலை 4 நிமிடம் 10 விநாடி. பிறகு, எனக்கு மிகவும் பிடித்த சோதனை: பஸ்ஸையும் அதோடு நினைவகத்தையும் 200 ஆக்கி, பெருக்கலை 9-க்கு இறக்கினேன். சிப்பின் வேகம் 1800, அதாவது 33 மெகாஹெர்ட்ஸ் குறைவு. எம்பி3 வேலை 5 நிமிடம் 56 விநாடிக்கு நீண்டது, கடிகாரம் குறைந்த அளவுக்குச் சரியாக. சுருக்கும் வேலையோ 3 நிமிடம் 58 விநாடிக்கு இறங்கியது. மெதுவான கடிகாரத்தில் வேகமான வேலை! வாளியை இழுக்கும் வேகம் குறைந்தாலும் கிணற்றின் ஊற்று வேகமாகச் சுரக்கிறது, அவ்வளவுதான். பல வருடங்களாகப் படித்துத் தெரிந்த விஷயம். நானே பார்க்கும்போது கிடைத்த மகிழ்ச்சி வேறு.

பெருக்கலை மாற்ற முடிந்தது இந்த சிப்பின் வயதால். லேபிளில் உள்ள நான்கிலக்கத் தேதி 2003-இன் 25-ஆவது வாரம் என்று காட்டியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த சிப்களில் பெருக்கலை முழுமையாகப் பூட்டிவிட்டார்கள். சிப்பை மற்ற பாகங்களோடு இணைக்கும், போர்டின் என்ஃபோர்ஸ்2 சிப்செட்டும் உதவியது. பஸ்ஸை ஏற்றினாலும், கார்டுகளுக்கான பிசிஐ இணைப்பு 33 மெகாஹெர்ட்ஸிலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி 66-லும் அசையாமல் நிற்கும். பிசிஐயை இப்படி நிறுத்திவைக்காத போர்டுகளில் பஸ்ஸோடு பிசிஐயும் ஏறும், ஹார்ட் டிஸ்கில் எழுதுவது கெட்டுப்போகும். அப்படிப்பட்ட போர்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

இங்கிருந்துதான் ஓவர்க்ளாக், அதாவது சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. 2500+ சிப்பின் புகழுக்குக் காரணமே ஒரு எளிய பெருக்கல். இதே பார்ட்டனின் 3200+ ஓடுவது 200 பெருக்கல் 11, 2200 மெகாஹெர்ட்ஸ். பெருக்கல் இரண்டுக்கும் 11தான். பஸ்ஸை மட்டும் 166-இலிருந்து 200 ஆக்கினால் 2500+ சிப் 3200+ ஆகிவிடும், பெயர் உட்பட. இந்த வகைக்குப் பெயர் சிப்பில் செதுக்கப்பட்டிருப்பதில்லை. பயாஸ்தான் பஸ்ஸையும் பெருக்கலையும் பார்த்துப் பெயரை எழுதி வைக்கிறது.

முதல் வேலையாக மாமாவின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சோதனைக்கு வேறு பழைய டிஸ்க். நினைவகத்தில் ஒரு பிட் தப்பினாலும் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி சிதையலாம், அவர் பதிவு செய்து வைத்த பாட்டுகள் போனால் என்ன பதில் சொல்வது? அடுத்து ராம். அவருடையது 166 பஸ்ஸுக்கான 333 வகை. 183-லேயே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சிவப்புப் பிழை வரிகளைக் கொட்டியது. என்னிடம் இருந்த இரண்டு 400 வகை ராம்களைப் போட்டேன், 200-லும் ஒரு இரவு முழுக்கப் பிழையில்லாமல் ஓடியது. மேலே சொன்ன 200 பெருக்கல் 9 சோதனை இந்த ராமில்தான். என்ஃபோர்ஸ்2-இல் ராமும் பஸ்ஸும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ராமை மட்டும் தனி வேகத்தில் விட்டால் எண் கூடும், வேலை மெதுவாகும்.

ஹீட்சிங்க் மாட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த சிப்பில் மேல் மூடி கிடையாது, சிலிக்கான் அப்படியே வெளியே தெரியும். மூலையில் நான்கு ரப்பர் பொட்டுகள் மட்டுமே காவல். கிளிப்பை அழுத்தும்போது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்தால் சிலிக்கானின் மூலை உடைந்துவிடும், அதோடு சிப் முடிந்தது. போர்டை வெளியே எடுத்து மேசையில் படுக்க வைத்து, ஸ்குரூ டிரைவரை கிளிப்பின் காதில் நுழைத்து, நேராகக் கீழே அழுத்தினேன். பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். தூசியோடு இருந்தபோது 1833-இல் முழுச் சுமைக்கு 68 டிகிரி காட்டியது, சுத்தம் செய்த பிறகு 51. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் யாரும் வேகத்தைத் தொடக் கூடாது.

பிறகு பஸ்ஸை 5 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும், சிப்பை முழுச் சுமையில் கணக்குப் போட வைக்கும் பிரைம்95 இரண்டு மணி நேரம். 190 வரை சிக்கல் இல்லை. 195-இல் நாற்பது நிமிடத்தில் ரவுண்டிங் பிழை என்று நின்றது. கணினி முடங்கவில்லை, திரை நீலமாகவில்லை, கணக்கு மட்டும் தப்பாக வந்தது. விண்டோஸ் ஓடுகிறதே என்று விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. பிரைம்95 தன் விடையைத் தானே சரிபார்ப்பதால்தான் பிடிபட்டது. வோல்ட்டை 1.7 ஆக்கினேன். 195 தாண்டியது. 200-இல் பதினைந்தே நிமிடத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. 1.75-லும் அதே. ஒரு முறை திரையே வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஜம்பரை மாற்றி பயாஸை அழித்துத்தான் மீட்டேன்.

ஹீட்சிங்க் ஐம்பது சொச்சத்தில்தான் இருக்கிறது. வோல்ட் கொடுத்தும் போதவில்லை. சிப்பின் எல்லை இதுதானோ என்று விடப் பார்த்தேன். ஆனால் பயாஸில் 1.75 கேட்டால் சுமையின்போது போர்டின் வோல்ட் அளவீடு 1.62 காட்டியது. கேட்டது வந்து சேரவில்லை. டார்ச் அடித்து சாக்கெட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஹீட்சிங்க் நிழலில், சிப்புக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் நான்கு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றன, ஒன்றின் உச்சியில் பழுப்புக் கசிவு. அந்தக் காலகட்டத்துப் போர்டுகள் பலவற்றுக்கு வந்த நோய்தான் இது, எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நான்கும் 6.3 வோல்ட், 3300 மைக்ரோஃபேரட். அதே அளவில், உள்மின்தடை குறைந்த, 105 டிகிரி தாங்கும் வகையை மாற்றாகப் போட்டேன். சாதாரண வகையைப் போட்டால் சில மாதங்களில் மறுபடியும் உப்பும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொண்டேன், போர்டில் அச்சிட்ட அரைவட்ட அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது. மைனஸ் கால் போர்டின் உள்ளே பெரிய செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும், பழைய ஈயம் லேசில் உருகாது. புது சாலிடரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால் பழையதும் இளகும். இரண்டு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கி, ஆட்டி ஆட்டி எடுத்தேன். துளையைத் திறக்க மரப் பல்குச்சி போதும், ஊசி போட்டுக் குத்தினால் துளையின் செம்புச் சுவர் கையோடு வந்துவிடும். நான்குக்கும் சேர்த்து ஒரு மாலை முழுக்கப் போனது.

மறுபடியும் 200 பெருக்கல் 11. 1.7 வோல்ட் கேட்டேன், சுமையிலும் 1.68 நின்றது. பிரைம்95 பன்னிரண்டு மணி நேரம். பிழை இல்லை. அதிகபட்சம் 59 டிகிரி. திரையில் 3200+ என்று வந்தபோது எழுந்து நின்று பார்த்தேன். எம்பி3 வேலை 4 நிமிடம் 52 விநாடி, சுருக்கும் வேலை 3 நிமிடம் 29 விநாடி.

ஆனால் இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். பெயர் 2500-இலிருந்து 3200-க்கு ஏறியது, 28 சதவீதம். கடிகாரம் ஏறியது 20 சதவீதம். என் இரண்டு சோதனைகளிலும் கிடைத்தது கிட்டத்தட்ட 20 சதவீதம்தான். நினைவகமும் 20 சதவீதம் வேகமானதால் சுருக்கும் வேலையும் அதே அளவுக்கு வந்தது, அதைத் தாண்டவில்லை. மிச்சம் எட்டு சதவீதத்தை என்னால் எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2500+ என்ற பெயரை நான் நியாயமாகவே நினைக்கிறேன். 3200+ என்பது, அதே வேகப் பெயரில் பென்டியம் 4 எதிரே நின்ற நேரத்தில் கொஞ்சம் நீட்டிப் போட்ட எண்ணாகத்தான் எனக்குப் படுகிறது. 2004-இல் இன்டெலும் மெகாஹெர்ட்ஸைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு மாடல் எண்ணுக்கு மாறியது தனிக் கதை.

வெப்பக் கணக்கையும் போட்டேன். மின்செலவு கடிகாரத்துக்கு நேர் விகிதம், வோல்ட்டுக்கு இருமடி. இந்த சிப்புக்குச் சொல்லப்பட்ட உச்ச அளவு 68.3 வாட். கடிகாரத்தால் 1.2 மடங்கு, வோல்ட்டால் 1.06 மடங்கு, ஆக ஏறத்தாழ 87 வாட். புதிதாகப் போட்ட கெப்பாசிட்டர்களுக்கு அருகிலேயே 19 வாட் கூடுதல் சூடு, கேசட்டுக்கு ஒரு நிமிடம் மிச்சம். கோடையில் மூடிய அறையில் யாரும் பார்க்காமல் ஓடும் பெட்டிக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தேன். 200 பெருக்கல் 10, வோல்ட் பழைய 1.65. இதன்படி 75 வாட்டுக்குள். எம்பி3 வேலை 5 நிமிடம் 21 விநாடி, சுருக்கும் வேலை 3 நிமிடம் 42 விநாடி, 54 டிகிரி. ராம்களையும் அதிலேயே விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் நான் யோசிக்கவில்லை. 200 பெருக்கல் 10 என்ற இணை இந்தப் போர்டின் பயாஸ் பட்டியலில் இல்லை. பெயர் எழுத வழியில்லாததால் அது அத்லான் எக்ஸ்பி, 2000 மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் காட்டியது. பெட்டியைக் கொண்டுபோய் மாட்டியதும் மாமா அதைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னடா, 2500-ஐ 2000 ஆக்கிட்டியே?"

"மாமா, ஒரு கேசட்டைப் போடுங்க. வாட்சைப் பாருங்க."

போட்டார். நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சதவீதம் ஏறுவதையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பெருக்கலை எழுதிக் கொடு." 200 பெருக்கல் 10, 1.65 வோல்ட், 400 வகை ராம், பேட்டரி மாற்றிய தேதி என்று எழுதினேன். கடைசியில் தன் கையாலேயே '5 நிமிஷம் 20' என்று சேர்த்து, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டு மூடியைச் சாத்தினார்.